அவருடைய நாற்பதும் என்னுடைய நாற்பதும்

நான் வேலை பார்த்த அச்சகம் மூடப்பட்டபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. தாள் விலை தாறுமாறாக ஏறிய வருடம் அது. பதினெட்டு வருடங்கள் ஒரே நாற்காலியில் இருந்து எழுத்துப்பிழை திருத்திய எனக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது, ஓட்டவும் தெரியும். என் தகுதி அவ்வளவுதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து ஒரு சிறிய பார்சல் கம்பனி நடந்துகொண்டிருந்தது. இணையத்தில் சாமான் விற்பவர்களிடம் பார்சல்களைப் பொறுப்பெடுத்து, வாங்கியவர்களின் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அங்கே ஏழாவது ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

பார்சல்களை எங்களுக்குப் பங்கிட்டுத் தருவது ஒரு பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு முன்பு அந்த மேசையில் இருந்தவர், தனக்கு வேண்டியவர்களுக்கு இலேசானவற்றைக் கொடுத்து, வேண்டாதவர்களின் தலையில் பாரமானவற்றைக் கட்டுவாராம். மிஸ் வந்த கிழமையே அதை நிறுத்திவிட்டார். நான் போன முதல் நாளே சொன்னார்:

"அண்ணா, இஞ்ச ஒரே ஒரு சட்டம்தான். ஆளுக்கு நாற்பது பார்சல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனக்கு இதுக்குள்ள ஒருத்தரும் சொந்தக்காரர் இல்லை."

எனக்கு அது பிடித்திருந்தது. நேர்மையான இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்தேன். உண்மையில் அது நேர்மையான இடம்தான். மிஸ்ஸின் மனதில் கள்ளம் எதுவும் இருக்கவில்லை.

எனக்குக் கொட்டாஞ்சேனைப் பக்கம் கிடைத்தது. பக்கத்திலுள்ள முகத்துவாரமும் அதோடு சேர்த்தி. அந்தப் பக்கம் ஓடியவர் வேலையை விட்டுப் போய் இரண்டு கிழமை ஆகியிருந்தது. ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை.

காலை எட்டரைக்குப் பின்பெட்டியை நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால், காலி வீதி நெரிசலையும் கோட்டையையும் புறக்கோட்டையையும் தாண்டி முதல் கதவைத் தட்ட ஒன்பதரை ஆகும். துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் வரிசைகட்டி நின்றால் இன்னும் அரை மணித்தியாலம் போய்விடும். அதற்குப் பிறகுதான் படிகள். பழைய மாடிவீடுகளில் லிப்ட் என்பதே கிடையாது. தொடர்மாடிகளில் லிப்ட் இருக்கும், ஆனால் ஓடாது. ஒரு கேட்டுக்குள் ஒரே இலக்கத்தில் ஆறு குடும்பங்கள் இருக்கும். விலாசத்தில் 'மாதா சொரூபத்துக்குப் பின்னால் பச்சைக் கதவு' என்று போட்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால் கதவுக்குப் போன நத்தார்ப் பண்டிகைக்கே நீலம் அடித்திருப்பார்கள். நாற்பதையும் முடித்துத் திரும்ப மாலை ஆறரையாகும். சில நாட்களில் ஐந்தாறு பார்சல்கள் மிஞ்சிவிடும்.

கொள்ளுப்பிட்டி, நானாவுடையது. அவர் ஐம்பதைத் தாண்டிய முஸ்லிம் மனிதர். வீடு தெமட்டகொடையில். எங்கள் எல்லோரையும்விட அந்தத் தொழிலில் பழையவர். அண்ணன் என்று பொருள்படும் நானா என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் போகும் இடமெல்லாம் அலுவலகக் கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் வரவேற்பு மேசையில் பத்துப் பார்சல்களை வைத்துவிட்டு ஒரு கையெழுத்து வாங்கினால் பத்தும் முடிந்தது. அவர் இரண்டு மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிடுவார்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. யார் எத்தனை மணிக்கு முடித்தார்கள் என்று மிஸ் அதில் தினமும் எழுதுவார். வெள்ளிக்கிழமைகளில் முதலாவதாக வந்தவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் கீறுவார். எங்களுக்கு உற்சாகம் வரட்டும் என்றுதான் அதை மாட்டியிருந்தார். நட்சத்திரம் எப்போதும் நானாவுக்கே போனது. கடைசிப் பெயர் எப்போதும் என்னுடையது. நான் களைத்துப்போய் உள்ளே வரும்போது கண்ணில் முதலில் படுவது அந்தப் பலகைதான்.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு முற்றத்தில் நின்று மற்ற ஓட்டுநர்களிடம் கதைக்கத் தொடங்கினேன். "நானாவுக்கு என்ன, ஏசிக்குள்ள போய் ஏசிக்குள்ள வாறார்" என்பேன். பழைய மேசைக்காரருக்கு அவர் வேண்டியவராக இருந்திருப்பார், அப்போது பிடித்த ரூட்டை இன்னும் விடவில்லை என்றும் சொன்னேன். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இருக்கவில்லை. நானா முற்றத்துக்கு வந்தால் கதையை நிறுத்திவிடுவோம். அவர் எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தன்பாட்டில் போவார்.

மிஸ்ஸிடமும் ஒருமுறை கேட்டேன். "அண்ணா, எல்லாருக்கும் நாற்பதுதானே. இதைவிட நியாயமா நான் என்னெண்டு பிரிக்க? நீங்கள் புதுசு. பழகினால் கெதியா முடிப்பீங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குள் ஏதோ சோர்ந்துபோயிற்று. அச்சகத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறினால் பக்கத்தையே திரும்ப எடுக்கச் சொன்ன மனிதன் நான். இங்கே எப்படிச் செய்தாலும் கடைசிதான் என்று ஆனபோது, எப்படிச் செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது. எங்கள் கைப்பேசியில் 'ஆள் இல்லை' என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அமர்த்தினால் அந்தப் பார்சல் அடுத்த நாளுக்குப் போய்விடும். முதலில் பூட்டிய கேட்டுகளுக்கு மட்டும் அதை அமர்த்தினேன். பிறகு இரண்டாவது தட்டலுக்குத் திறக்காத கதவுகளுக்கும் அமர்த்தினேன். பிறகு அந்த நாள் வந்தது.

சித்திரை மாத வெயில். கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடி, நான்காம் மாடி வீடு. பார்சல் சப்பாத்துப் பெட்டி அளவில், கனமே இல்லாமல் இருந்தது. அதற்கு முன்பு ஏறிய இரண்டு கட்டடங்களிலும் உண்மையாகவே ஆட்கள் இருக்கவில்லை. இரண்டாம் மாடி வரை ஏறினேன். சுவரில் கைவைத்துச் சிறிது நேரம் நின்றேன். நானா இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பார் என்று ஒரு நினைப்பு வந்தது. பொத்தானை அமர்த்திவிட்டுக் கீழே இறங்கினேன்.

அடுத்த நாள் காலை, நாங்கள் பார்சல் அடுக்கிக்கொண்டிருந்தபோது மிஸ் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நேற்று அந்த நாலாம் மாடிக்குப் போனீங்களோ?"

"ஓம் மிஸ், போனனான். தட்டினனான். ஒருத்தரும் இல்லை."

"அந்த அக்கா இப்பதான் கோல் எடுத்தவ. நாலு வருஷமா அவ படி இறங்கினதே இல்லையாம். கால் ஏலாதாம். 'நான் எங்க தம்பி போயிருப்பன்' எண்டு கேக்கச் சொன்னவ. நான் அவவுக்கு என்ன சொல்ல?"

எல்லோரும் அடுக்குவதை நிறுத்திவிட்டார்கள். நானாவும் அங்கேதான் நின்றார். வெட்கம் வரவேண்டிய இடத்தில் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நாற்பது நாற்பது எண்டு நீங்கள் எண்ணித் தாறீங்கள் மிஸ். ஒராளுக்கு நாற்பது பார்சல் எண்டால் நாலு மேசை. எனக்கு நாற்பது எண்டால் நாற்பது படிக்கட்டு. நீங்கள் ஒருநாள் ஏறிப் பாருங்கோ."

பொய் சொன்னேன் என்பதை அதே மூச்சில் ஒப்புக்கொண்டுவிட்டேன். மிஸ்ஸின் முகம் இறுகியது. எச்சரிக்கைக் கடிதம் தரவேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னது சரிதான், நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்போது நானா கையிலிருந்த பார்சலை மேசையில் வைத்தார்.

"மிஸ், கோவிக்க வேணாம். ஒரு கிழமைக்கு நான் கொட்டாஞ்சேனைக்குப் போறேன். தம்பி எண்ட ரூட்டுக்குப் போகட்டும். கடிதத்தைப் பொறகு பாப்போம்."

என்னைக் கேவலப்படுத்தத்தான் அவர் இதைச் செய்கிறார் என்று நினைத்தேன். ஐந்து மணிக்குத் திரும்பி வந்து, பார்த்தீர்களா, ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறார் என்று எதிர்பார்த்தேன்.

கொள்ளுப்பிட்டியில் என் முதல் நாள் ஒன்றே முக்காலுக்கு முடிந்தது. காவலாளிகள் "அண்ணே, பைக்கை இங்கே விட வேண்டாம்" என்று சிங்களத்தில் விரட்டியதையும், சாமான் ஏற்றும் லிப்டில்தான் போகலாம் என்று ஓரிடத்தில் சொன்னதையும் தவிர ஒரு கரைச்சலும் இல்லை. சட்டைகூட நனையவில்லை. பலகையில் அன்றைக்கு என் பெயர்தான் முதலில் வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்படலாம் என்று நின்றேன். முடியவில்லை. ஆட்கள் இல்லாத அந்த அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

நானா ஏழு மணிக்குக் கிட்ட வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஏழு பார்சல்கள் மிஞ்சியிருந்தன. அவற்றை அலுமாரியில் அடுக்கிவிட்டு முகம் கழுவப் போனார். இரண்டாம் நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் நாங்கள் எல்லோரும் இருந்தபோது அவர் மிஸ்ஸின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடைச் சிட்டையை எடுத்து விரித்தார். அதன் பின்பக்கம் முழுவதும் பேனையால் சிறிய கோடுகள்.

"இது என்ன நானா?"

"ஏறின மாடி மிஸ். இண்டைக்கு ஒரு நாளுக்குள்ள. எண்ட ரூட்ல எண்டா இதுல மூண்டு கோடும் வராது. லிப்ட் ஈக்குதுதானே." தாளை அவர் பக்கம் தள்ளினார். "எழுதிப் பாத்தா நாற்பதும் நாற்பதும் ஒண்டுதான். ஏறிப் பாத்தாத்தான் தெரியும். அவர்ட நாற்பது எண்ட அறுபதுக்குச் சமன். எனக்குக் கூட்டித் தாங்க. ஐம்பது தந்தாலும் நான் நாலு மணிக்கு வந்துருவேன். அவருக்குக் கொறைங்க."

அதுவரை என் வாழ்க்கையில், எனக்கு வேலையைக் கூட்டித் தாருங்கள் என்று ஒருவர் இன்னொருவருக்காகக் கேட்டு நான் பார்த்ததில்லை. அதுவும், தன்னைப்பற்றி முற்றத்தில் நின்று வாய்க்கு வந்ததெல்லாம் கதைத்த ஒருவனுக்காக.

"அப்பிடிக் குறைச்சால் மற்ற ஆக்களும் வந்து கேப்பினம் நானா."

"கேக்கட்டும் மிஸ். ஞாயம் இருந்தா குடுங்க."

தெஹிவளைப் பக்கம் ஓடியவருக்கு இது பிடிக்கவில்லை. "நீங்கள் நல்ல மனிசன் ஆகிறதுக்கு எங்கட தலையில ஏன் கட்டப் பாக்கிறீங்கள்?" என்று நானாவிடமே கேட்டார். மிஸ் அந்தச் சிட்டையை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை நான் என் பழைய ரூட்டுக்குத் திரும்பினேன். புறப்படும்போது மிஸ் வெளியே வந்தார். காலில் கன்வஸ் சப்பாத்து, கையில் ஒரு ஹெல்மெட்.

"ஏறிப் பாக்கச் சொன்னீங்கள்தானே அண்ணா. வாறன்" என்றார்.

அன்றைக்குப் பாதிப் பார்சல்களை நானாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். மீதியோடு இருவரும் போனோம். கொள்கலன் லொறிகளுக்குப் பின்னால் முக்கால் மணித்தியாலம் நின்றோம். பிழையான விலாசம் ஒன்றுக்காக ஒரே ஒழுங்கையை மூன்று முறை சுற்றினோம். நான்காவது கட்டடத்தின் இரண்டாம் மாடியில் மிஸ் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதுதான் அந்தக் கட்டடம், நான் பாதியில் திரும்பிய கட்டடம். நான் திரும்பியது இந்த இரண்டாம் மாடியிலிருந்துதான் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாது.

"நான் இவ்வளவு நாளும் எண்ணினது பார்சலை மட்டும்தான் அண்ணா" என்றார் தண்ணீர் குடித்துக்கொண்டே. "நியாயமா நடக்கிறன் எண்டு எனக்குப் பெருமை வேற."

"மிஸ், நீங்கள் இதிலயே இருங்கோ. எனக்கு மேல ஒரு வேலை இருக்கு."

நான்காம் மாடிக்கு எடுத்துப்போக அன்று பார்சல் எதுவும் இருக்கவில்லை. வெறும் கையோடுதான் ஏறினேன். கதவு திறந்தே இருந்தது. அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் உயரமான ஸ்டூலில் அமர்ந்திருந்தார். காலுக்குப் பக்கத்தில் நடக்க உதவும் இரும்புச் சட்டம். முன்னால் மேசை முழுவதும் கடதாசித் துண்டுகளில் சீனிப் பூக்கள், வெள்ளையும் இளஞ்சிவப்புமாக. கல்யாணக் கேக்குகளுக்குப் பூ செய்து கொடுப்பவர் அவர். நான் திருப்பிக்கொண்டுபோன பெட்டியில் இருந்தது, அந்தப் பூக்களைப் பிழிந்து எடுக்கும் குழல் முனைகள். நானா அதை அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்திருந்தார்.

"அக்கா, நான்தான் அண்டைக்கு ஆள் இல்லை எண்டு போட்டது. நான் கதவு தட்டேல்லை."

"தெரியும் தம்பி" என்றார், பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "நீங்க ரெண்டாம் மாடி வரைக்கும் வந்தீங்க. சப்பாத்து சத்தம் கேட்டிச்சு. கொஞ்ச நேரம் நின்னுட்டு எறங்கிட்டீங்க. நாள் முழுக்க இங்கயே இருக்கிறவளுக்கு படியில நடக்கிறது எல்லாம் கேக்கும்."

"அதை மிஸ்ஸிட்ட ஏன் சொல்லேல்லை?"

"நான் வீட்லதான் இருந்தேன்னு சொன்னேன். அது போதும்தானே. மத்தத சொன்னா ஒங்க வேல போயிருக்கும். எனக்கு பார்சல்தானே வேணும்."

மன்னிப்புக் கேட்க ஆயத்தப்படுத்திக்கொண்டு வந்த வசனங்கள் எல்லாம் மறந்துபோயின. இனி எப்போது பார்சல் வந்தாலும் கட்டாயம் மேலே கொண்டுவந்து தருவேன் என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார்.

"பால்கனியில கயித்தோட ஒரு வாளி இருக்கு. பாண்காரருக்கும் மீன்காரருக்கும் அதத்தான் எறக்குறது. கீழ நின்னு ஒரு கோல் குடுங்க, ஒங்களுக்கும் எறக்குறேன்."

"இல்லை அக்கா, நான் ஏறி வாறன்."

"எனக்காக ஏறிப் பாவம் தீர்க்க வேணாம் தம்பி. ஒங்க கால் பலத்த, வாளி இல்லாத ஆளுக்கு வச்சிருங்க." சிறிய ரோசாப்பூ ஒன்றைக் கடதாசியோடு எடுத்து என்னிடம் நீட்டினார். "இது இதழ் ஒடஞ்சது. கேக்குக்குப் போடேலாது. கீழ இருக்கிற ஆளுக்குக் குடுங்க. மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது."

மிஸ் படியில் இருந்தபடியே அந்த ரோசாவைச் சாப்பிட்டார். யார் தந்தது என்று கேட்டார். சொன்னேன். நான் திரும்பிய இடம் இதுதான் என்பதையும் சொன்னேன். அவர் தண்ணீர்ப் போத்தலை மூடினார். பிறகு, "சரி அண்ணா, எழும்புவம். இன்னும் பதினொண்டு இருக்கு" என்றார். கடிதத்தைப்பற்றி அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

புதிய பங்கீடு வர மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு பார்சலுக்கும் பக்கத்தில் எத்தனையாம் மாடி, லிப்ட் உண்டா, முதல் கதவுக்குப் போக எவ்வளவு நேரம் என்று எங்களையே எழுதச் சொன்னார். அதை வைத்துக் கணக்குப்போட்டு, எனக்கு முப்பதுக்குக் கிட்டவும் நானாவுக்கு ஐம்பதுக்குக் கிட்டவும் தந்தார். மழை நாட்களில் அதையும் மாற்றினார். பலகையிலிருந்த நேரங்களையும் நட்சத்திரங்களையும் அழித்துவிட்டு, விடுமுறை கேட்டவர்களின் பெயர்களை எழுதப் பயன்படுத்தினார். எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. தெஹிவளை ரூட்காரருக்கு நான்கு பார்சல்கள் கூடின. அவர் இரண்டு மாதத்தில் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்திருக்கலாம். அவருடைய ரூட்டில் யாரும் போய்ப் பார்க்கவில்லையே.

எனக்குப் பத்துப் பார்சல்கள் குறைந்தது பெரிய ஆறுதல்தான். ஆனாலும் என் படிகளை இன்னும் இரண்டு பேர் ஏறிப் பார்த்திருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு அந்த வேலையில் நான் இருந்த இரண்டரை வருடத்தில், தட்டாத கதவுக்கு அந்தப் பொத்தானை அமர்த்தியதில்லை. யாரும் என்னைக் கண்காணிக்கவும் இல்லை. நான்காம் மாடி அக்கா தன் கட்டடத்தில் இருந்த வேறு மூன்று வீட்டுக்காரரிடமும் சொல்லி, அவர்களுடைய பார்சல்களையும் தன் வாளியிலேயே எடுத்துக்கொண்டார். முகத்துவாரத்தில் ஒரு மீன்பிடிக் குடும்பம், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பக்கத்துக் கடையில் கொடுக்கும்படி தாங்களாகவே ஏற்பாடு செய்தது. நான் கேட்காமலே கிடைத்தவை இவை. என் முகத்தில் ஏதோ மாறியிருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

நானாவிடம் ஒரு நாள் கேட்டேன். காலி வீதியில் ஒரு சிறிய கடையில் பிளேன் டீயும் பருப்பு வடையுமாக நின்றோம். அப்போதெல்லாம் நாங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வேலை முடிப்போம்.

"நானா, நான் உங்களைப்பற்றிக் கதைச்சது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பிறகு ஏன்?"

அவர் வடையைக் கடித்து, மென்று, விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நான் ரெண்டு மணிக்கு வந்துருவேன் தம்பி. நீங்க எல்லாம் வாறது அஞ்சு, ஆறு மணிக்கு. நான் வந்தா கதை நிக்கும். எத்தின வருஷம் தனிய நிண்டு டீ குடிக்கிற? இலேசான வேலை நல்லதுதான். ஆனா அதுக்காக எல்லார்ட வாயிலயும் விழ ஏலா." பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டவர் போலச் சிரித்தார். "உண்மையச் சொன்னா, மொத நாள் ஏறக்குள்ள ஒங்களுக்கு ஏசிட்டுத்தான் ஏறினேன். ரெண்டாம் நாளும் ஏசினேன். மூணாம் நாள்தான் எண்ணத் தொடங்கினேன்."

அந்தப் பதிலுக்காகவும் அவருக்கு நான் நன்றியுள்ளவன். அவர் பெரிய தியாகம் ஏதும் செய்ததாகச் சொல்லியிருந்தால் அதை என்னால் தூக்கிச் சுமந்திருக்க முடியாது.

இப்போது நான் திரும்பவும் மேசை வேலையில் இருக்கிறேன். பாடசாலைப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறேன். மிஸ்ஸின் கம்பனி பெரிதாகிவிட்டது. நானா கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு பைக் ஓட்டுவதை விட்டுவிட்டார். போன பெருநாளுக்குத் தெமட்டகொடையில் அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். இனிப்புக்கு வட்டிலப்பம் தந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே, இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று சொன்னேன்.

"எழுதுங்க" என்றார் நானா. "எண்ட பேரைப் போட வேணாம். பொறகு ஆக்கள் என்னை நல்லவன் எண்டு நெனச்சு, பாரமான சாமானெல்லாம் தூக்கச் சொல்லுவாங்க."

அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார். போதும் என்றேன். அவர் கேட்கவில்லை.